கேட்க வேண்டிய கேள்வி எது?

தருமபுரி ஜில்லாவில் "ஸ்கேன்" என்ற சொல்லுக்கு நெடுங்காலமாக ஒரே ஓர் அர்த்தந்தான் வழங்கி வந்திருக்கிறது. கர்ப்பிணி ஒருத்தி ஸ்கேன் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினால், குழந்தையின் இருதயம் நன்றாக இருக்கிறதா, முதுகெலும்பு சரியாக அமைந்திருக்கிறதா என்று விசாரிப்பவர்கள் சிலரே. "என்ன சொன்னார்கள்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்கள் பலர். அந்த "என்ன" என்பதற்குப் பொருள், ஆணா பெண்ணா என்பதுதான்.

இந்த ஒரு கேள்வியின் கூச்சலில் வேறொரு கேள்வி காதில் விழாமலே போய்விடுகிறது. முப்பத்தைந்து வயதைத் தாண்டிக் கருவுற்றிருக்கும் ஒரு சகோதரி, "என் குழந்தைக்குப் பிறவிக் குறை ஏதேனும் இருக்குமா? அதை முன்கூட்டி அறிந்துகொள்ளப் பரிசோதனை செய்துகொள்ளலாமா, வேண்டாமா?" என்று தன் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வியைத்தான் சொல்லுகிறோம். வீட்டில் வாய்விட்டுக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று அஞ்சுகிறாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் சட்ட விரோதம் என்று விரட்டுவார்களோ என்று தயங்குகிறாள். இவ்விரண்டு பயங்களுக்கும் நியாயமில்லை என்பதை எடுத்துச் சொல்லவே இவ்வாரம் இந்தப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறோம்.

முதலில் பழைய கதையைச் சிறிது நினைவுகூர்வோம். தேசபக்தர் சுப்பிரமணிய சிவா தமது கடைசி நாட்களைக் கழித்து, 1925 ஜூலையில் உயிர் நீத்தது இந்த ஜில்லாவின் பாப்பாரப்பட்டியில்தான். அங்கே பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப வேண்டும் என்பது அப்பெரியாரின் ஆசை. தாயைத் தெய்வமாக வைத்துக் கும்பிட ஒருவர் ஆசைப்பட்ட அதே மண்ணில், 2001ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கு என்ன சொல்லிற்று? இன்றைய தருமபுரி ஜில்லாவின் எல்லைக்குள், ஏழு வயது நிரம்பாத 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள். தமிழ்நாடு முழுவதற்குமான கணக்கு 942. பக்கத்துச் சேலத்தில் 1992ல் ஆரம்பமான தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ல் தருமபுரிக்கும் நீட்டப்பட்டதன் காரணத்தை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. சர்க்காரும் தொண்டர்களும் ஊர் ஊராகப் பாடுபட்டதன் பயனாக, 2011ஆம் வருஷத்துக் கணக்கில் அந்த எண் 900க்கு மேல் ஏறிற்று. ஆனால் நோய் முற்றும் தீர்ந்துவிடவில்லை. கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஸ்கேன் கருவியை ஒரு வீட்டில் வைத்துக்கொண்டு, கருவின் பாலைச் சொல்லிப் பணம் பறித்த கூட்டம் ஒன்று 2022ல் தருமபுரியில் பிடிபட்டது.

குற்றம் கருவியினுடையதன்று. அதனிடம் கேட்கப்பட்ட கேள்வியினுடையது. இந்தப் பரிசோதனைகளின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1970களில் புது தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், கருவின் நோயை அறிவதற்கென்று பனிக்குட நீரைப் பரிசோதிக்கும் முறை தொடங்கப்பட்டது. வெகு சீக்கிரத்தில் அது பெண் கருவைக் கண்டுபிடித்து ஒழிக்கும் உபாயமாகத் திரிந்துவிட்டது. 1988ல் மகாராஷ்டிர ராஜ்யம் முதன்முதலாக அதைத் தடுக்கச் சட்டம் செய்தது. 1994ல் பார்லிமெண்டு தேசம் முழுவதற்கும் சட்டம் இயற்றிற்று. 1996 ஜனவரியில் அமுலுக்கு வந்த அச்சட்டம் 2003ல் மேலும் கடுமையாக்கப்பட்டது. கருவின் பாலை வாயால் சொன்னாலும் சைகையால் காட்டினாலும் முதற் குற்றத்துக்கே மூன்று வருஷம் வரை சிறைவாசம் உண்டு.

இவ்வளவும் நம் வாசகர்களில் பலர் அறிந்ததே. அறியாதது ஒன்றுண்டு. அதே சட்டம், கருவிலுள்ள குறைகளை அறியும் பரிசோதனைகளுக்குக் கதவை அடைத்துவிடவில்லை. குரோமோசோம் குறைகள், பரம்பரை ரத்த நோய்கள், உறுப்புக் குறைகள் முதலியவற்றை அறிவதற்குப் பரிசோதனை செய்யலாம் என்று அது அனுமதிக்கிறது. யாருக்குச் செய்யலாம் என்று சொல்லுமிடத்தில் முதலாவதாகக் குறிப்பிடுவது, 35 வயதுக்கு மேற்பட்ட கர்ப்பிணியைத்தான். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை கரு தானாகக் கலைந்தவர்களும், குடும்பத்தில் பிறவிக் குறை உள்ளவர்களும் அப்பட்டியலில் உண்டு. ஆகவே அரூரிலோ பாலக்கோட்டிலோ உள்ள ஒரு முப்பத்தெட்டு வயதுத் தாய் இந்தப் பரிசோதனையைப் பற்றி டாக்டரிடம் கேட்டால், அவள் சட்டத்தை மீறவில்லை. சட்டம் தனக்கென்று எழுதி வைத்திருக்கும் உரிமையைத்தான் கேட்கிறாள்.

"எங்கள் காலத்தில் நாற்பத்தைந்து வயதிலும் பெற்றோம். இந்தப் பரிசோதனையெல்லாம் யார் கண்டது?" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். அவர்கள் சொல்வது உண்மையே. காலங்கடந்த பிரசவம் புதிதன்று. அதைப் பற்றிய அறிவுதான் புதிது. ஒரு பெண்ணின் கருமுட்டைகள் யாவும் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உண்டாகிவிடுகின்றன. ஆகவே முப்பத்தெட்டு வயதுப் பெண்ணின் முட்டைக்கும் வயது ஏறக்குறைய முப்பத்தெட்டுத்தான். அத்தனை வருஷம் காத்திருந்த முட்டை, குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளும்போது சில சமயம் கணக்குத் தவறிவிடுகிறது. இருபத்தோராவது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாகிவிட்டால் உண்டாகும் நிலைக்கு டவுன் ஸிண்ட்ரோம் என்று பெயர். 1866ல் இங்கிலாந்து டாக்டர் லாங்டன் டவுன் அதை விவரித்தார். அதன் காரணத்தை 1959ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். தாய் தின்ற பண்டமோ, பார்த்த கிரகணமோ, முன் ஜன்ம வினையோ இதற்குக் காரணமல்ல. இதை மாமியார்களும் நாத்தனார்களும் இரண்டு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

எத்தனை பேருக்கு இது நேருகிறது? தாய்க்கு 25 வயதானால் சுமார் 1250 பிரசவங்களில் ஒன்று. 35 வயதில் சுமார் 350ல் ஒன்று. 40 வயதில் சுமார் 100ல் ஒன்று. 45 வயதில் சுமார் 30ல் ஒன்று. இந்த எண்களை இரண்டு விதமாகவும் படிக்கலாம். நாற்பது வயதுத் தாய்க்கு ஆபத்து இருபத்தைந்து வயதுத் தாயைவிடப் பன்னிரண்டு மடங்கு என்பது உண்மை. நாற்பது வயதுத் தாய்மார் நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு இக்குறையில்லாத குழந்தை பிறக்கிறது என்பதும் அதே அளவு உண்மை. முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவது தர்மமன்று. இரண்டாவதை மட்டும் சொல்லி வாயடைப்பதும் தர்மமன்று. வயது முதிர்ந்த கர்ப்பத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரை வியாதியும் இதைவிட அடிக்கடி நேருகின்றன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். குரோமோசோம் பரிசோதனை வேண்டாமென்று தீர்மானித்தவர்களும் அவற்றுக்கான பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது.

இனிப் பரிசோதனைகளின் வகை. இவை இரண்டு. ஒன்று சந்தேகத்தை அளப்பது. மற்றது சந்தேகத்தைத் தீர்ப்பது. இந்த வேற்றுமை தெரியாமல் கலங்கிய குடும்பங்கள் பல.

பதினொன்றாம் வாரம் முதல் பதினான்காம் வாரத்துக்குள், ஸ்கேன் மூலம் கருவின் பின்கழுத்தில் தேங்கியுள்ள நீரை அளந்து, தாயின் ரத்தத்தையும் பரிசோதித்து, இரண்டையும் வயதோடு சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். விடை "250ல் 1" என்பது போல் வரும். அதைக் கண்டதும் சிலர் அழுதுவிடுகிறார்கள். 250 பேரில் 249 பேருக்கு அக்குறை இராது என்பதே அதன் பொருள். இன்னொரு முறை, தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் மரபணுத் துணுக்குகளைப் பரிசோதிப்பது. 1997ல் ஹாங்காங் விஞ்ஞானி டென்னிஸ் லோவும் அவருடைய சகாக்களும் அத்துணுக்குகள் இருப்பதைக் கண்டறிந்தார்கள். 2011 முதல் அது வைத்தியத்தில் பழக்கத்துக்கு வந்தது. என்.ஐ.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லுகிறார்கள். பத்தாம் வாரம் முதலே செய்துகொள்ளலாம். ஆனால் பல ஆயிரம் ரூபாய் செலவாகும்.

இந்த ரத்தப் பரிசோதனை டவுன் குறையுள்ள நூறு கருக்களில் தொண்ணூற்றொன்பதைக் கண்டுபிடித்துவிடுகிறது. குறையில்லாத ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவரைத்தான் தவறாகச் சந்தேகிக்கிறது. இதைக் கேட்டால் இதுவே முடிவென்று தோன்றும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்பது வயதுத் தாய்மார் 10,000 பேர் இதைச் செய்துகொண்டால், குறையுள்ள 100 கருக்களில் 99 அகப்படும். கூடவே குறையில்லாத 10 கருக்களும் சந்தேகப் பட்டியலில் ஏறிவிடும். அதாவது "இருக்கிறது" என்று சொல்லப்பட்ட 109 பேரில் 10 பேருக்கு அது பொய். இருபத்தைந்து வயதுத் தாய்மார் 10,000 பேரானால், குறையுள்ள கருக்கள் எட்டுத்தான். பொய்யாகச் சந்தேகிக்கப்படுபவையோ பத்து. அங்கே மெய்யைவிடப் பொய்யே அதிகமாகிவிடுகிறது! எனவே இந்த விடையை மாத்திரம் நம்பி எந்தத் தீர்மானமும் செய்யலாகாது.

தீர்த்துச் சொல்வது, பனிக்குட நீரைச் சிறிது ஊசியால் எடுத்துப் பரிசோதிக்கும் முறைதான். பதினைந்தாம் வாரத்துக்குப் பிறகு செய்வார்கள். நச்சுக்கொடியிலிருந்து துணுக்கு எடுக்கும் முறையை அதற்கு முன்பே, பதினொன்றிலிருந்து பதினான்காம் வாரத்துக்குள் செய்வதுண்டு. தேர்ந்த கைகளில் இவற்றால் கரு கலையும் ஆபத்து நூற்றுக்கு அரைக்கும் குறைவு. குறைவென்றாலும் இல்லையென்று சொல்வதற்கில்லை. பல வருஷம் காத்திருந்து கருவுற்றவளுக்கு அந்த அரைக்கும் குறைவான எண்ணே மலையாகத் தோன்றலாம். அது அறியாமையன்று. அவளுடைய தராசில் அதற்கு அவ்வளவு கனம்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, இருபது வாரம் வரை ஒரு டாக்டரின் அபிப்பிராயம் போதும். இருபதிலிருந்து இருபத்துநான்கு வாரம் வரை, சட்டம் குறிப்பிட்டுள்ள சில வகையினருக்கு இரண்டு டாக்டர்களின் அபிப்பிராயம் வேண்டும். கருவில் பெருங்குறை இருந்தால் இருபத்துநான்கு வாரத்துக்குப் பிறகும் மருத்துவக் குழு ஆராய்ந்து அனுமதிக்கலாம். நீரை எடுத்து, அதிலுள்ள உயிரணுக்களை வளர்த்து, குரோமோசோம்களை எண்ணி, விடை வர இரண்டு மூன்று வாரம் ஆவதுண்டு. பெண்ணாகரம் மலைப்பக்கத்திலிருந்தோ சித்தேரியிலிருந்தோ வருகிறவர்கள் ஐந்தாம் மாதத்தில்தான் முதன்முதலாக டாக்டரைப் பார்ப்பதென்றால், யோசிப்பதற்கு அவகாசமே இராது. காலமே அவர்களுக்காகத் தீர்மானித்துவிடும். ஆகையால் முப்பத்தைந்து கடந்தவர்கள் நாள் தள்ளிப்போனதும் கிராமச் செவிலியரிடம் பதிவு செய்துகொண்டு, மூன்றாம் மாதம் முடிவதற்குள் இந்தப் பேச்சை ஆரம்பித்துவிட வேண்டும். தருமபுரி நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம். விஷயம் சிக்கலானால், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் மரபியல் வைத்தியர்களின் ஆலோசனை கிடைக்கும்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறோம். "பெண் என்பதற்காகக் கருவை அழிப்பது மகாபாவம் என்று எழுதும் நீங்கள், குறையுள்ள கருவைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கு மட்டும் வழி சொல்லலாமா?" என்று யாரேனும் கேட்டால், அது நியாயமான கேள்வியே. அதைச் சாமர்த்தியமாகத் தட்டிக்கழிக்க நாம் விரும்பவில்லை. பெண்ணாய்ப் பிறப்பது ஒரு நோயன்று. அதைக் குறையென்று எண்ணும் சமூகத்துக்குத்தான் வைத்தியம் வேண்டும். குரோமோசோம் குறையோ சமூகம் கற்பித்ததன்று. குழந்தையின் உடலிலேயே உள்ளது. அதனால்தான் சட்டம் இரண்டையும் வேறுபடுத்துகிறது. ஆயினும் சட்டம் அனுமதிக்கிறது என்பதனால் மனச்சாட்சியின் வேலை முடிந்துவிடாது. டவுன் குறையுள்ள குழந்தையும் சிரிக்கிறது, தாயை அடையாளம் கண்டுகொள்கிறது, சற்றுத் தாமதமாகவேனும் நடக்கவும் பேசவும் பழகுகிறது. அமெரிக்காவில் 1983ல் இத்தகையோர் சராசரியாக 25 வயது வரைதான் வாழ்ந்தார்கள். இன்று அறுபதை எட்டுகிறார்கள். சென்னையில் இக்குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் துணைநிற்க டவுன் ஸிண்ட்ரோம் பெடரேஷன் ஆப் இந்தியா என்ற ஸ்தாபனமே இருக்கிறது.

பரிசோதனை என்றாலே கருவைக் கலைப்பதற்கென்று நினைப்பதும் தவறு. இக்குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருதயத்தில் குறை இருக்கும். முன்பே தெரிந்தால், வீட்டுக்கு அருகிலுள்ள சிறு ஆஸ்பத்திரியில் பிரசவிக்காமல், சிசு வைத்தியர்கள் உள்ள பெரிய ஆஸ்பத்திரியைத் தேடிப் போகலாம். மனத்தையும் வீட்டையும் ஆயத்தம் செய்துகொள்ளலாம். ஆகவே பரிசோதனைக்கு முன், தம்பதிகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: "விடை இப்படி வந்தால் நாம் என்ன செய்வோம்?" எது வந்தாலும் வளர்ப்போம் என்பது ஒரு பதில். அவர்களுக்குப் பரிசோதனை ஆயத்தத்துக்காக உதவலாம். அல்லது தேவையே இல்லாமலும் இருக்கலாம். ஏற்கெனவே ஒரு நோயாளிக் குழந்தை வீட்டிலிருக்க, இன்னொன்றைத் தாங்கச் சக்தியில்லை என்பது ஒரு பதில். அவர்களைக் கல்நெஞ்சர் என்று தூற்ற நமக்கு அதிகாரமில்லை. இன்னும் தெரியவில்லை என்பதும் ஒரு பதிலே. அவர்கள் ஊசியிடம் போகும் முன் ரத்தப் பரிசோதனையோடு நின்று சிறிது யோசிக்கலாம்.

இந்தத் தீர்மானம் யாருடையது? ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். காரிமங்கலத்தில் பள்ளிக்கூட ஆசிரியை, வயது முப்பத்தொன்பது. மூத்த மகள் பத்தாம் வகுப்பு. பதினைந்து வருஷம் கழித்து மறுபடியும் கருவுற்றிருக்கிறாள். "அத்தை, டாக்டரம்மா ஒரு ரத்தப் பரிசோதனை சொல்கிறார்கள்" என்கிறாள். "எதுக்கும்மா அது? அதுலே பையனான்னு தெரியுமா?" என்கிறார் மாமியார். கணவன் செய்தித்தாளுக்குப் பின்னே மறைந்துகொள்கிறான். இந்த மூவரில் பேச வேண்டியவன் அவன்தான்! "அதைச் சொல்ல மாட்டார்களம்மா, தெரியவும் வேண்டாம். அவளும் பிள்ளையும் நல்லபடி இருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டின் காற்றே மாறிவிடும்.

சட்டமும் இந்த வீட்டை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. பரிசோதனையின் பலாபலன்களைக் கர்ப்பிணிக்கு விளக்கி, அவளுக்குப் புரியும் பாஷையில் எழுத்து மூலமாக அவளுடைய சம்மதத்தைப் பெற்று, அதன் நகலை அவளிடமே கொடுக்க வேண்டும் என்கிறது. கணவனுடைய சம்மதத்தையன்று, மாமியாருடையதையுமன்று. கருவின் பாலை அறிந்துகொண்ட குற்றம் நேர்ந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை, கணவனும் உறவினரும் கட்டாயப்படுத்தியதனால்தான் அவள் உடன்பட்டாள் என்று கோர்ட்டு அனுமானித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. இதைவிடத் தெளிவாக நம் குடும்பங்களைப் படித்தவர்கள் யார்?

டாக்டர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தருமபுரியில் சட்டத்தின் கண் கூர்மையாக இருப்பதால், சிக்கல் எதற்கு என்று முப்பத்தைந்து கடந்தவளிடம் இந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டுவிடலாகாது. செய்துகொண்டே ஆக வேண்டும் என்று நெருக்குவதும் கூடாது. எண்களை நிதானமாகச் சொல்லுங்கள். ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். அவள் வேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும் மரியாதை குறையாமல் கவனியுங்கள்.

செய்துகொள்ளுங்கள் என்றோ வேண்டாமென்றோ நாம் சொல்லப்போவதில்லை. அந்த வயிற்றைச் சுமப்பவள் நாமல்ல. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லுவோம். ஆணா பெண்ணா என்ற கேள்வியைத் தருமபுரி ஜில்லா அடியோடு மறக்கிற அன்றுதான், குழந்தை நலமா என்ற கேள்வியை ஒரு தாய் கூசாமல் கேட்க முடியும். முதற் கேள்வியை மறக்க வேண்டியது வீட்டாரின் கடமை. இரண்டாவதைக் கேட்பதும் கேட்காமல் விடுவதும் தாயின் உரிமை. சகோதரிகளே, அவ்வுரிமையை மூன்றாம் மாதத்துக்குள் நினைவில் வையுங்கள்!